சிவநேசன் அண்ணையின் பியருக்கு எட்டுப் புள்ளி

1

போன வருடக் கடைசியில் எங்கள் சபைக்கு ஐந்து வயது நிறைந்தது. சபை என்றதும் ஊரில் இருந்து இதைப் படிப்பவர்கள் கோயில் திருப்பணிச் சபை என்றோ பழைய மாணவர் சங்கம் என்றோ நினைக்க வேண்டாம். அவையெல்லாம் லண்டனில் தேவைக்கு மேல் இருக்கின்றன, இரண்டாக உடைந்ததும் மூன்றாக உடைந்ததுமாக. எங்களுடையது பியர் சபை. நாலே நாலு பேர். இன்னும் உடையவில்லை.

நாலு பேரும் வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்கள். காய்ச்சுகிறேன் என்று ஊரில் சொன்னால் பொலிஸ் வரும். இங்கே அது மரியாதையான பொழுதுபோக்கு. விற்காத வரைக்கும் அரசாங்கம் எட்டிப் பார்க்காது. முளைகட்டி வறுத்த பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடித்து, ஹொப்ஸ் என்கிற கசப்புப் பூவைப் போட்டு ஒரு மணித்தியாலம் கொதிக்கவிட்டு, ஆறினதும் ஈஸ்ட் போட்டு மூடிவைத்தால் இரண்டு மூன்று கிழமையில் பியர். கேட்க இலகுவாக இருக்கும். ஒரு வாளியைச் சரியாகக் கழுவாமல் விட்டால் அத்தனையும் வீண்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை பின்னேரம் நோர்பரியில், சிவநேசன் அண்ணை வீட்டுத் தோட்டத்துக் கொட்டிலில் கூடுவோம். அவரவர் காய்ச்சியதில் இரண்டு போத்தல், கடையில் வாங்கிய பேர்போன பியர் ஒன்று. ஊற்றுவோம், மணப்போம், குடிப்போம். பிறகு ஒரு நீலமட்டைக் கொப்பி கைமாறும். மணம், சுவை, பத்துக்கு எத்தனை புள்ளி என்று ஒவ்வொருவரும் தன் கையால் எழுதவேண்டும். நான் ரயில் நிலையத்தில் வேலை செய்கிறவன், அறிக்கை எழுதிப் பழகியவன் என்பதால் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். தொண்டர் இல்லாத சபைக்குச் செயலாளர்.

ஐந்து வருட நிறைவுக்கு ஒரு பரிசு கொடுக்கவேண்டும் என்று தேவன் சொன்னான். தேவன் பிளேஸ்டோவில் மரக்கறிக் கடை வைத்திருப்பவன், எதையும் விழாவாக்கிவிடுவான். ஐந்து வருடத்திலும் சிறந்த பியர் யாருடையது என்று புள்ளிகளைக் கூட்டிப் பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒரு ஞாயிறு காலை தேத்தண்ணியோடு கொப்பியை விரித்தேன். மத்தியானம் மனைவி சாப்பிடக் கூப்பிட்டபோது பரிசு பற்றிய நினைப்பே இல்லை. எனக்குப் பயம் பிடித்திருந்தது.

2

சிவநேசன் அண்ணைக்கு அறுபத்திரண்டு வயது, எங்களில் மூத்தவர். நேரே லண்டனுக்கு வந்தவர் அல்லர். பதினெட்டு வருடம் ஜெர்மனியில் இருந்துவிட்டு, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று இங்கே பெயர்ந்தவர். பிள்ளைகள் நன்றாகவே படித்தார்கள். மகன் கனடாவுக்குப் போனான், மகள் சிங்கப்பூருக்குப் போனாள். பெற்றவர்கள் இரண்டு பேரும் ஆங்கிலம் சரளமாக வராத ஒரு நாட்டில் தனியே நிற்கிறார்கள்.

ஜெர்மனியில் வேலை செய்ய அனுமதி கிடைத்ததும் அவருக்கு அகப்பட்ட முதல் வேலை, ஒரு சின்ன பியர் ஆலையில் தொட்டி கழுவுவது. ஏழு வருடம் கழுவினார். அங்கேதான் அவருடைய மூக்கு பழகியது. தொட்டியின் மூடியைத் திறந்ததும், ஈஸ்ட் போட்டு எத்தனை நாள் என்று மணத்திலேயே சொல்வாராம். முதல் வருடம் நாங்கள் இதை நம்பாமல் சோதித்தோம். கண்ணைத் துவாயால் கட்டிவிட்டு நாலு கிளாசை நீட்டினோம். யார் யாருடைய பியர் என்று சரியாகச் சொன்னார். தேவனுடைய கிளாசை இரண்டாம் தரம் மணந்துவிட்டு, "உம்மடை மனிசி இந்தச் சட்டியிலை ரசம் வைச்சவ" என்றார்.

தேவன் அந்த இடத்திலேயே மனைவிக்கு போன் போட்டான். வைத்திருந்தாராம்.

அப்படிப்பட்ட மூக்கு. அந்த மூக்குக்கு முன்னால் எங்கள் பியரை நீட்டவே கூச்சமாக இருக்கும்.

இனிப் புள்ளி போடுகிற விதத்தைச் சொல்லவேண்டும். கடைப் பியர் என்றால் நாங்கள் கொடுங்கோலர்கள். ரயில் பாலத்து வளைவுகளுக்குக் கீழே தாடி வளர்த்த பெடியங்கள் காய்ச்சும் பியர்களுக்கு மூன்று, இரண்டரை, ஒருமுறை பூச்சியம்கூடப் போட்டிருக்கிறோம். ஆனால் எங்களில் ஒருவர் காய்ச்சியது என்றால் கதை வேறு. ஒருவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கறியில் உப்புக் கூடிவிட்டது என்று யாழ்ப்பாணத்தான் சொல்வானா? செத்தாலும் சொல்லமாட்டான். "நல்லாயிருக்கு, இன்னும் கொஞ்சம் போடுங்கோ" என்பான். அதே பழக்கம் கொப்பிக்குள்ளும் வந்தது. சமவயதுக்காரருக்கு ஏழரை. மூத்தவரான சிவநேசன் அண்ணைக்கு எட்டு. யாரும் பேசி முடிவெடுத்ததல்ல. முதல் கூட்டத்திலேயே நாலு பேருக்கும் அது தெரிந்திருந்தது.

முதல் இரண்டு வருடம் அந்த எட்டு உண்மையான எட்டு. அதற்கு மேலும் தகும்.

3

மூன்று வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, பாஸ்கரனுக்கு வேலை ஷிப்ட் விழுந்ததால் நாலாவது ஆள் இல்லை. பாஸ்கரன் ஆஸ்பத்திரி ஒன்றில் கம்பியூட்டர் திருத்துகிறவர். அவருக்குப் பதிலாக என் மகள் அபியைக் கூட்டிப்போனேன். பல்கலைக்கழகக் கடைசி வருடம் அப்போது. அவளுடைய வயதுப் பிள்ளைகள் குடிக்கும் ஒவ்வொரு பியருக்கும் போனில் நட்சத்திரம் போடுகிறவர்கள். அப்பாவும் மகளும் ஒரே மேசையில் பியர் ருசிப்பதா என்று ஊரில் முகம் சுளிப்பீர்கள். எனக்கு அது சந்தோசமாக இருந்தது. இருவருக்கும் பொதுவாகக் கதைக்க ஒன்று கிடைத்ததே என்று நினைத்தேன்.

அண்ணை தன் பியரை ஊற்றினார். தேவன் குடித்துவிட்டு வழக்கம்போல "திறம், அண்ணை" என்றான். எனக்கு ஏதோ ஒருமாதிரி இருந்தது. தொண்டைக்குள் ஒரு மருந்து வாடை. எட்டு எழுதினேன். அபி மணந்தாள். ஒரு வாய் குடித்தாள். கிளாசை வைத்தாள்.

"சொரி மாமா, திஸ் இஸ் ஓஃப். ஆஸ்பத்திரி மணக்குது" என்றாள். பிறகு, உதவி செய்கிற நினைப்பில், "பிளாஸ்டர் மாதிரி. பிளீச் போட்டுக் கழுவினீங்களா?" என்று கேட்டாள். கொப்பியில் இரண்டு என்று எழுதினாள்.

சிவநேசன் அண்ணை சிரித்தார். "பிள்ளைக்கு எங்கடை பியர் பழக்கமில்லை" என்றார். நான் கொப்பியை இழுத்தெடுத்து, அந்த இரண்டின் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் எட்டு என்று எழுதினேன். எல்லோரும் பார்க்கத்தான் எழுதினேன்.

திரும்பி வரும்போது காரில் அவளுக்கு ஏச்சு விழுந்தது. "பெரியாக்களோடை எப்பிடிக் கதைக்கிறதெண்டு தெரியாதா உனக்கு?"

"நீங்கள்தானே அப்பா ரேட் பண்ணச் சொன்னீங்கள்?"

"அதுக்காக இரண்டு போடுறதே?"

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: உண்மை வேண்டாமென்றால் என்னைக் கேட்காதீர்கள். அதன்பிறகு அவள் கொட்டிலுக்கு வரவில்லை. அடுத்த வருடம் வேலை என்று லீட்சுக்குப் போனாள். ஒவ்வொரு ஞாயிறும் வந்த போன் இப்போது இரண்டு மாதத்துக்கு ஒன்று. வேலை எப்படி என்று கேட்டால் நல்லம் என்கிறாள். உடம்பு எப்படி என்று கேட்டாலும் நல்லம் என்கிறாள். நாங்கள் பழக்கிய பதில்தான், குறைசொல்ல எனக்கு வாயில்லை.

4

இனி அந்த ஞாயிறுக்கு வருகிறேன். புள்ளிகளைக் கூட்டத் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் கூட்டுவதை விட்டுவிட்டு அண்ணையின் எழுத்தை மட்டும் வாசிக்கத் தொடங்கினேன்.

முதல் வருடம் அவர் மணம் என்ற இடத்தில் மூன்று நாலு வரி எழுதியிருக்கிறார். "தோடம்பழத் தோல். பின்னால் கருகின பாண். ஆறினபிறகு கொஞ்சம் தேன் வருகுது." ஒரேஞ்ச் என்று எழுதாமல் ஊர்ப் பேரிலேயே தோடம்பழம் என்பார். பெரிய, உருண்டையான எழுத்து, கொப்பியின் கோட்டுக்கு வெளியே போகும். இரண்டாம் வருடக் கடைசியில் ஒரு வரியாகிறது. மூன்றாம் வருடம் "நல்லம்". பிறகு அதுவும் இல்லை; எனக்குப் பக்கத்தில் இருந்து, எனக்கு அடுத்ததாக எழுதுகிறவர், நான் எழுதியதையே எழுதியிருக்கிறார். நான் எலுமிச்சை என்றால் எலுமிச்சை. நான் வெண்ணெய் என்றால் வெண்ணெய்.

தற்செயலாக இருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு முந்திய மாரியில் எழுதிய ஒரு பக்கம் வந்தது. அன்று ஒரு கடைப் பியருக்கு, பகிடிக்காக, "மழை விட்டபிறகு பஸ் ஸ்டாண்ட்" என்று மணம் எழுதியிருந்தேன். அதற்குக் கீழே அண்ணையின் கையெழுத்தில், ஒரு சொல் பிசகாமல், மழை விட்டபிறகு பஸ் ஸ்டாண்ட்.

எழுத்தும் சுருங்கியிருந்தது. உருண்டையாக இருந்தது மாதத்துக்கு மாதம் சின்னதாகி, கடைசிப் பக்கங்களில் எறும்பு ஊர்ந்தது மாதிரி இருந்தது. ஒவ்வொரு வரியும் தொடங்கும்போது கொஞ்சம் பெரிதாக, முடியும்போது இல்லாமலே போகிற மாதிரி. மாதாமாதம் அதைப் பார்த்தவன்தான் நான். அண்ணை ஜெர்மன்காரர் மாதிரிக் கடதாசியை மிச்சம் பிடிக்கிறார் என்று தேவன் பகிடி பண்ணியதும், நான் சிரித்ததும் ஞாபகம் வந்தது.

பிறகு மற்றவையும் ஒவ்வொன்றாக வந்தன. நடக்கும்போது இடக்கை அசையாமல் தொங்குவது. முகத்தில் சிரிப்பு வரப் பிந்துவது. அடுப்பில் பருப்பு அடிப்பிடித்துப் புகை கிளம்ப, பக்கத்தில் நின்று பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார் என்று மனோ அக்கா, அவருடைய மனைவி, சொல்லிச் சிரித்தது. எல்லோருமாகச் சேர்ந்து சிரித்திருக்கிறோம்.

நான் டொக்டர் இல்லை. என்றாலும் இது வயது மட்டும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று நாலு நாள் யோசித்தேன். உங்கள் பியருக்கு எட்டுத் தகாது என்று சொல்லவே ஏலாதவன், இதை எந்த வாயால் சொல்வது?

5

வியாழக்கிழமை எனக்கு அதிகாலை ஷிப்ட். இரண்டு மணிக்கு முடிந்ததும் கொப்பியைப் பையில் வைத்துக்கொண்டு நோர்பரிக்குப் போனேன். மனோ அக்கா கதவைத் திறந்தார். "கொட்டிலிலைதான், தம்பி. காலமை துவக்கம் காய்ச்சுறார். தேத்தண்ணி போடுறன், போய்க் கூட்டிக்கொண்டு வாரும்" என்றார்.

தோட்டத்தின் பாதியில் நடக்கும்போதே ஏதோ மணந்தது. கொட்டில் கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்தது. காஸ். அடுப்பில் பெரிய பானை பொங்கி வழிந்து நெருப்பை அணைத்திருந்தது. சிலிண்டர் சீறிக்கொண்டே இருந்தது. ஜன்னல் பூட்டியிருந்தது. அண்ணை அடுப்பின் மேல் குனிந்து நின்றார். கையில் லைட்டர்.

"வாரும், ரவி. நெருப்பு நூந்து போச்சு. இந்தச் சனியன் பத்துதில்லை" என்றார். சொல்லிக்கொண்டே பெருவிரலால் இன்னொருமுறை தட்டினார். விரல் வழுக்கியது. விரல் நடுங்கிக்கொண்டிருந்தது.

நான் என்ன சத்தம் போட்டேனோ தெரியாது. அவருடைய சேர்ட்டைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் சிலிண்டரைப் பூட்டினேன். பிறகு இரண்டு பேரும் தோட்டத்துப் புல்லில் நின்றோம்.

"என்ன நடந்தது?" என்றார்.

"காஸ், அண்ணை. கொட்டில் முழுக்கக் காஸ்."

அவர் திறந்திருந்த கதவைப் பார்த்தார். மூக்கால் நீளமாக மூச்சை இழுத்தார். விட்டார். மறுபடி இழுத்தார்.

"உண்மையாவோ?" என்று கேட்டார்.

அந்த ஒரு சொல்லுக்கு எனக்கு இன்றைக்கும் பயம். அவர் பொய்யாக நடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திராது.

கொப்பியை எடுத்து பஸ் ஸ்டாண்ட் பக்கத்தைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தார். "கொரோனாவாக்கும் எண்டு இருந்தன். வந்திடும், வந்திடும் எண்டு இருந்தன்" என்றார். "எனக்கு இந்த மூக்கை விட்டால் வேறை என்ன இருக்குது, சொல்லும் பாப்பம்? இஞ்சை இருக்கிற எந்த ஒபிசிலை என்ரை இங்கிலீசுக்கு மதிப்பு? இந்தக் கொட்டிலுக்கை மட்டும்தானே நான் ஆள்."

"அண்ணை, டொக்டரிட்டைப் போவம்."

"கொஞ்சம் மிச்சம் இருக்குது, ரவி. முழுக்கப் போகேல்லை. போயிருந்தால் பியர் பிழைச்சிருக்குமே? நீங்கள் மூண்டு பேரும் எட்டுப் போடுறீங்கள். அதைப் பாத்துத்தான் என்ரை மனதைத் தேத்திறனான்."

அப்போதாவது சொல்லியிருக்கவேண்டும். மனோ அக்கா தேத்தண்ணித் தட்டோடு வந்துகொண்டிருந்தார். அதைச் சாட்டாக வைத்துக்கொண்டு நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

6

இந்த நாட்டில் டொக்டரைப் பார்ப்பது என்றால் காலை எட்டு மணிக்குப் போனோடு நிற்கவேண்டும். எட்டு மணி ஆகி ஒரு நிமிடம் என்றால் வரிசையில் நீங்கள் பதினேழாவது ஆள். அதற்குள் நிரப்பிக் கொடுக்க ஒரு போரம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று ஒரு கேள்வி, எந்தத் தமிழ் என்று கேள்வி இல்லை. போனில் வந்த மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுப் பெண்; அன்பானவர். "ஐயா, எப்ப இருந்து உங்களுக்கு இப்படி இருக்கு?" என்று அவர் கேட்க, அண்ணை "எனக்கு ஒண்டும் இல்லைப் பிள்ளை, தம்பிதான் பயப்பிடுறார்" என்றார். அவர் அதை அப்படியே மொழிபெயர்த்துவிட்டார். பிறகு நானே ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் முதலில் இருந்து சொல்லவேண்டியதாயிற்று. ஒரு கடிதம் வந்தது, அது தொலைந்தது, இன்னொன்று வந்தது. மூளை நரம்பு நிபுணரைப் பார்க்கும் நாள் வர மாரி முடிந்து மரமெல்லாம் துளிர்த்துவிட்டது. அதுவரைக்கும் கொட்டிலில் கூட்டம் நடக்கவில்லை. சிலிண்டரை மனோ அக்கா யாருக்கோ கொடுத்துவிட்டார்.

நிபுணர் ஒரு பெண், என் வயது இருக்கும். அண்ணையை நடைபாதையில் நடக்கவிட்டுப் பார்த்தார். விரல்களைத் தட்டச் சொன்னார். ஒரு வசனம் எழுதச் சொன்னார், அண்ணை ஜெர்மனில் எழுதினார். எழுத்தை அவர் நிறைய நேரம் பார்த்தார். பிறகு, மணம் எப்போதிலிருந்து இல்லை என்று கேட்டார்.

அண்ணை என்னைப் பார்த்தார். "எனக்குத் தெரியேல்லை. மெல்ல மெல்லத்தான் போனது. இவையளைக் கேளுங்கோ, மாதா மாதம் எழுதி வைச்சிருக்கினம்" என்றார்.

நான் கொப்பியை எடுத்துக் கொடுத்தேன். ஐந்து வருடம், திகதி போட்டு, மாதம் தவறாமல். டொக்டரின் முகம் மலர்ந்தது. இப்படி ஒரு பதிவு எந்த நோயாளியும் கொண்டுவந்ததில்லை என்றார். புரட்டினார். புரட்டப் புரட்ட முகம் மாறியது. எங்கே பார்த்தாலும் எட்டு. பியர் ஒருமுறைகூடக் கெட்டுப்போகவில்லையா என்று கேட்டார்.

நான் விளக்கினேன். மூத்தவர், அவருடைய வீடு, அவர் கையால் செய்தது, அதனால் நாங்கள் குறைத்துப் போடுவதில்லை என்றேன். தமிழில் அது மரியாதை. ஆங்கிலத்தில் சொல்லும்போது, ஐந்து வருடமாக மூன்று பேர் சேர்ந்து ஒருவரை ஏமாற்றினோம் என்றுதான் என் காதிலேயே விழுந்தது.

அவர் ஒரு பக்கத்தில் நிறுத்தினார். கோட்டின் கீழே இருந்த இரண்டைத் தொட்டுக் காட்டி, இது யார் என்றார்.

"என்னுடைய மகள்."

அந்த மாதத்தையும் வருடத்தையும் அவர் தன் கோப்பில் எழுதிக்கொண்டார். கொப்பியில் இருந்த அத்தனை புள்ளிகளிலும் அவருக்குப் பயன்பட்டது அந்த ஒன்றுதான். அதையும் நான் வெட்டியிருந்தேன்.

அண்ணைக்கு ஆங்கிலம் பேச வராதே தவிர, நடப்பது விளங்கும். "அப்ப அந்தப் பிள்ளை சொன்னது சரியோ?" என்றார்.

"ஓம், அண்ணை."

"மற்றதெல்லாம்?"

நான் டொக்டரின் மேசையில் இருந்த கொப்பியை மூடினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு தன் கைகளைப் பார்த்தபடி இருந்தார். டொக்டர் நோயின் பெயரைச் சொன்னபோதும் அவர் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பார்கின்சன். ஸ்கான் எடுத்து உறுதிப்படுத்தவேண்டும், ஆனால் தனக்குச் சந்தேகம் இல்லை என்றார். மணம் போவது அதன் முதல் அடையாளங்களில் ஒன்றாம். நடுக்கத்துக்குப் பல வருடம் முன்னாலேயே அது தொடங்கிவிடுமாம்.

முன்பே தெரிந்திருந்தாலும் நோயை நிறுத்தியிருக்க முடியாது என்று டொக்டர் எனக்கு ஆறுதல் சொன்னார். இருக்கலாம். ஆனால் இரண்டரை வருடம் அவர் அந்தக் கொட்டிலில் தனியே நெருப்பு மூட்டியிருக்கிறார். பிளீச்சில் கை நனைத்திருக்கிறார். பூட்டிய ஜன்னலோடு, மூக்கில்லாமல், எங்கள் எட்டை நம்பிக்கொண்டு. விரலை நடுங்கவைத்த அந்த நோய்தான் கடைசியில் அவரைக் காப்பாற்றியது, நாங்கள் இல்லை.

7

அன்று வீட்டுக்கு வந்ததும் அபிக்குப் போன் எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அழுகிறாளோ என்று போனைக் காதோடு அழுத்திக் கேட்டேன்.

"எனக்கு ரைட்டா இருக்க விருப்பமில்லை, அப்பா. மாமாவிட்டை நான் சொரி சொன்னேனெண்டு சொல்லுங்கோ."

"நீ ஏன் சொரி சொல்லவேணும்? நான்தான்" என்று தொடங்கினேன், முடிக்க வரவில்லை. அவள் கேட்டாள், "உங்கடை பியருக்கும் எல்லாரும் ஏழரைதானே போடுறவை?"

"ஓம்."

"அப்ப உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

போனை வைத்தபிறகு குசினிக்குப் போனேன். மிளகாய்த்தூள், கோப்பித்தூள், சவர்க்காரம் என்று ஒவ்வொன்றாகத் திறந்து மணந்து பார்த்தேன். எல்லாம் மணந்தது. இப்போது காலையில் எழுந்ததும் அதுதான் என் முதல் வேலை. மனைவி பைத்தியம் என்கிறாள்.

ஐந்து வருட நிறைவுக் கூட்டம் பிந்தி, போன சனிக்கிழமை நடந்தது. அண்ணைதான் கூப்பிட்டார். காஸ் சம்பவத்துக்கு முன் காய்ச்சி மூடிவைத்த வாளி ஒன்று கொட்டிலில் மிஞ்சியிருந்தது, அதைப் போத்தலில் அடைத்துக்கூட இல்லை. "கடைசிப் பியர். எல்லாரும் எழுதவேணும்" என்று சொல்லிவிட்டு நாலு கிளாசில் ஊற்றினார். ஊற்றும்போது கை நடுங்கி மேசையில் சிந்தியது, ஒருவரும் பார்க்காத மாதிரி இருந்தோம்.

மூடியைத் திறந்த உடனேயே எங்களுக்கு வந்துவிட்டது. வினாகிரி, அதற்குள் அதே ஆஸ்பத்திரி வாடை. தேவன் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு மிடறு விழுங்கினான். கண் கலங்கியது. "திறம், அண்ணை" என்றான். எட்டு எழுதினான். பாஸ்கரனிடம் கொப்பி போனது. அவருக்கும் எல்லாம் தெரியும், நோயின் பெயர்கூடத் தெரியும். எட்டு எழுதினார். நோயாளியைப் பார்க்க வந்த இடத்தில் வேறு எதை எழுதுவது?

கொப்பி என்னிடம் வந்தது. அண்ணை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் இப்போது எதுவும் சட்டென்று தெரிவதில்லை. இரண்டு என்று எழுதினேன். மணம் என்ற இடத்தில் வினாகிரி, பிளாஸ்டர் என்று எழுதினேன்.

அவர் கொப்பியை வாங்கிக் கிட்டப் பிடித்து வாசித்தார். தேவன் என்னை எரித்துவிடுகிற மாதிரிப் பார்த்தான்.

"இரண்டு" என்றார் அண்ணை. தன் கிளாசைக் குடிக்காமல் மேசையில் வைத்தார். "தேவன், அந்த வாளியிலை ஒரு பக்கம் பிடியும். ஊத்துவம்."

வாளியைத் தோட்டத்துக் கழிவுநீர்க் கானுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கவிழ்த்ததும் நுரையோடு அந்த வாடை கிளம்பியது. தேவன் சேர்ட்டைத் தூக்கி மூக்கைப் பொத்தினான். பாஸ்கரன் வேலிப்பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் கையால் மூக்கை மூடினேன். சிவநேசன் அண்ணை மட்டும் கானுக்கு நேர்மேலே குனிந்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்து இழுத்து நின்றார்.

"ரவி, என்ன மணக்குது? ஒண்டும் விடாமல் சொல்லும்."

கையை எடுத்துவிட்டு மணந்து சொன்னேன். புளித்த வினாகிரி. பிளீச். ஈரக் கடதாசி. அடியில் எங்கேயோ, மிகக் கொஞ்சமாக, தோடம்பழத் தோல்.

"தோடம்பழம் இருக்குதோ?"

"இருக்குது, அண்ணை. கொஞ்சம்."

கான் வழியே எல்லாம் இறங்கி முடிந்தது. தேவன் குழாயைத் திறந்து தண்ணீர் அடித்தான்.

"இப்ப அந்த மணம் போயிட்டுதோ, இன்னும் நிக்குதோ?" என்று அண்ணை கேட்டார்.

"இன்னும் நிக்குது, அண்ணை" என்றேன்.